டிராஃபி டிரக் பள்ளத்தில் ஏன் விழுவதில்லை, பாதி வழியில் ஏன் நிற்கிறது?

கேள்வி இது: "மெக்சிகோவில் நடக்கும் பாஹா 1000 பந்தய வீடியோக்களில் பிக்அப் மாதிரி இருக்கும் பெரிய வண்டிகள் முழங்கால் ஆழ மேடுபள்ளத்தின் மேல் 150 கி.மீ. வேகத்தில் போகின்றன. சக்கரம் மட்டும் துடிக்கிறது, கேபின் அசைவதே இல்லை. இது 1000 குதிரைத்திறன் என்ஜினால் நடப்பதா? கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய வண்டிகள் பாதி வழியில் நிற்பது ஏன்? நான்கு சக்கர இழுவை வேண்டுமா, பின்சக்கர இழுவையே போதுமா?"

என்ஜின் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். இந்த வண்டியில் வேகத்தைத் தீர்மானிப்பது ஷாக் அப்சார்பர். அந்த வேகத்தில் எத்தனை மணி நேரம் ஓடலாம் என்பதைத் தீர்மானிப்பது சூடு. குதிரைத்திறன் இந்த இரண்டுக்கும் பின்னால்தான் வரும்.

முதலில் பந்தயத்தைப் பற்றி. வீடியோவில் நீங்கள் பார்த்த வண்டிகள் ஸ்கோர் இன்டர்நேஷனல் நடத்தும் தொடரில் 'டிராஃபி டிரக்' பிரிவைச் சேர்ந்தவை. மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தில் ஆண்டுக்கு நான்கு பந்தயம்: சான் ஃபெலிப்பே 250, பாஹா 500, பாஹா 400, நவம்பரில் பாஹா 1000. எண்கள் மைல் கணக்கு, அதுவும் பெயரளவுக்குத்தான். என்செனாடா நகரில் கிளம்பி அங்கேயே திரும்பும் ஆண்டுகளில் 1000 மைலுக்குக் குறைவாக இருக்கும். தெற்கே லா பாஸ் வரை போகும் ஆண்டுகளில் கூடிவிடும். 2023-இல் வழக்கத்தைத் திருப்பிப் போட்டு லா பாஸில் தொடங்கி என்செனாடாவில் முடித்தார்கள். அது 1,310 மைலுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 2,100 கி.மீ.

இதே தீபகற்பத்தில் முதல் பந்தயம் 1967 அக்டோபர் 31-இல் 'மெக்சிகன் 1000' என்ற பெயரில் நடந்தது. விக் வில்சனும் டெட் மேங்கல்ஸும் ஒரு மேயர்ஸ் மேங்க்ஸ் பக்கியில் (மணலில் ஓடும் சிறிய திறந்த வண்டி) 27 மணி 38 நிமிடத்தில் வந்து ஜெயித்தார்கள். மிக்கி தாம்ப்சன் 1973-இல் தொடங்கிய ஸ்கோர் அமைப்பு 1975 முதல் பாஹா 1000-ஐ நடத்துகிறது. நடுவில் 1974-இல் எரிபொருள் நெருக்கடியால் பந்தயமே இல்லை. ஆரம்ப காலத்தில் பைக்கும் பக்கியும்தான் முன்னால் வரும். 1979-இல் வாக்கர் எவன்ஸ் ஒரு பிக்அப்பில் ஒட்டுமொத்த முதலிடம் பிடித்தது அந்தக் காலத்துக்குப் பெரிய அதிர்ச்சி. டிராஃபி டிரக் என்ற தனிப் பிரிவு வந்தது 1994-இல். சேஸிஸ், சஸ்பென்ஷன், என்ஜின் எல்லாவற்றிலும் விதி மிகத் தளர்வு. மேலே மூடியிருக்கும் ஃபைபர் உடம்பு பிக்அப் மாதிரித் தெரியும்; அதைக் கழற்றிவிட்டால் ஷோரூம் வண்டியின் ஒரு நட்டுகூட உள்ளே இருக்காது. குரோமோலி எஃகுக் குழாய்களை வெல்ட் செய்து கட்டிய கூண்டு மட்டுமே இருக்கும்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கிராண்டன் போன்ற மண் வளையப் பாதைகளில் ஓடும் புரோ 4, புரோ 2 டிரக்குகளும், 2009 முதல் 2020 வரை நடந்த லூகாஸ் ஆயில் தொடரில் ஓடியவையும் வேறு சாதி. அவை சில கிலோமீட்டர் சுற்றில் பக்கத்துக்குப் பக்கம் மோதிக்கொண்டு ஓடுபவை. அரை மணி தாங்கினால் போதும். கீழே சொல்லப்போகும் சூட்டுக் கணக்கு, டேங்க் கணக்கு எதுவும் அவற்றுக்கு அப்படியே பொருந்தாது.

இனி உங்கள் முதல் கேள்வி. வண்டிகள் திரும்பத் திரும்ப ஓடி மண் பாதையில் அலை அலையாக உண்டாகும் மேடுபள்ள வரிசையை 'வூப்ஸ்' என்பார்கள். சான் ஃபெலிப்பே சுற்றுவட்டாரம் இதற்குப் பேர் போனது. இரண்டு முகடுகளுக்கு நடுவே 5 மீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். வண்டியின் உடம்பு ஸ்பிரிங் மேல் இயல்பாக ஆடும் வேகம் விநாடிக்கு ஒரு தடவை, ஒன்றேகால் தடவை. மணிக்கு 22 கி.மீ. வேகத்தில் போனால் முகடுகளும் விநாடிக்கு ஒன்றேகால் தடவை வரும். இரண்டும் ஒத்துப்போவதால் ஒவ்வொரு முகடும் முந்தைய ஆட்டத்தோடு சேர்ந்து, மூக்கு குத்திப் பின்பக்கம் எகிறும். 20 முதல் 40 கி.மீ. வரை இப்படித்தான் படுத்தும். மெதுவாகப் போனால் வண்டிக்கு நல்லது என்று நினைக்கும் புதியவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொண்டு ஷாக்கையும் தங்கள் முதுகையும் சேர்த்து உடைத்துக்கொள்கிறார்கள்.

120 கி.மீ. வேகத்தில் அதே முகடுகள் 0.15 விநாடிக்கு ஒன்று வரும். அந்த நேரத்துக்குள் சக்கரம் பள்ளத்தின் அடிவரை இறங்க முடியாது. கொஞ்சம் இறங்குவதற்குள் அடுத்த முகடு வந்து தூக்கிவிடும். குளத்தில் வீசிய ஓட்டாஞ்சில்லு தத்திக்கொண்டே போவது மாதிரி சக்கரம் முகட்டுக்கு முகடு தாவுகிறது. உடம்புக்கு அந்த அதிர்வைப் பின்தொடர நேரமே கிடைக்காது. கேபின் அசையாத ரகசியம் இவ்வளவுதான். ஆனால் அந்த வேகத்தை எட்டும்வரை நடுவில் வரும் மோசமான கட்டத்தை வண்டி தாண்டியாக வேண்டும், ஒரே ஒரு முகடு மற்றதைவிட உயரமாக வந்தாலும் தாங்க வேண்டும். சக்கரத்துக்கு இவ்வளவு பயணத் தூரம் கொடுப்பது அதற்காகத்தான்: முன்சக்கரம் சுமார் 60 செ.மீ., பின்சக்கரம் 75 செ.மீ.க்கு மேல் மேலும் கீழும் போகும். நிற்கும் நிலையில் அதில் மூன்றில் ஒரு பங்கு கீழே இறங்குவதற்கு, மீதி மேலே ஏறுவதற்கு என்று உயரத்தை வைப்பது வழக்கம்.

பின்னால் இருப்பது ஒரே துண்டு ஆக்சில். நான்கு லிங்க்குகள் அதைப் பிடித்திருக்கும்: கீழே இரண்டு நீளமான கைகள், மேலே முக்கோணமாக இன்னும் இரண்டு. அந்த முக்கோணம்தான் ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பார்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு ஷாக். ஒன்று ஸ்பிரிங் சுற்றிய காயில் ஓவர். உயரத்தைத் தாங்குவது அதன் வேலை. இன்னொன்று பைபாஸ் ஷாக்; வேகத்தை விழுங்கும் வேலை பெரும்பாலும் இதனுடையது.

பைபாஸ் ஷாக்கைப் பக்கத்தில் பார்த்தால் தடித்த சிலிண்டரின் வெளிப்புறத்தில் விரல் பருமனில் பல குழாய்கள் நீளவாட்டில் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு திருகு, அதைப் பூட்டும் நட்டு. உள்ளே பிஸ்டன் நகரும்போது எண்ணெய்க்கு இரண்டு வழி: பிஸ்டனில் உள்ள துளைகள் வழியாகப் போகலாம், அல்லது இந்த வெளிக்குழாய் வழியாகச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வரலாம். பயணத்தின் நடுப்பகுதியில் குழாய்களின் வாய் திறந்திருப்பதால் எண்ணெய் சுலபமாக ஓடும், ஷாக் மெத்தென்று இருக்கும். பிஸ்டன் மேலே போகப் போக ஒவ்வொரு குழாயின் வாயையும் தாண்டிவிடும். கடைசிச் சில அங்குலத்தில் சுற்றுவழியே கிடையாது. அப்போது ஷாக் கல்லாகிறது. சின்ன வூப்ஸில் மென்மை, பெரிய குதிப்பில் கடினம் என்று ஒரே ஷாக்குக்கு இரண்டு குணம் கிடைப்பது இதனால்தான். சாதாரண ஷாக்கில் ஒன்றைக் கேட்டால் இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். அமுக்கும் திசைக்குத் தனிக் குழாய், திரும்பும் திசைக்குத் தனிக் குழாய். ஒவ்வொன்றிலும் ஒருவழி வால்வு உண்டு. திருகை உள்ளே திருகினால் வழி குறுகி அந்தப் பகுதி மட்டும் கடினமாகும்.

இதைச் சரிக்கட்டுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. வரிசையை மாற்றினால் நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் நிற்பீர்கள். ஷாக் ஆறியிருக்கும்போது நைட்ரஜன் அழுத்தம் பார்க்க வேண்டும். பெரும்பாலும் 200 பிஎஸ்ஐ. எல்லா ஷாக்கும் ஒரே அளவில் இல்லாவிட்டால் மேலே எதையும் தொடக்கூடாது. அடுத்து வண்டி உயரம், அதுவும் ஓட்டுநர், துணை ஓட்டுநர், இரண்டு ஸ்டெப்னி, பாதி டேங்க் எரிபொருளோடு. பிறகு லிமிட் ஸ்ட்ராப்: சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஷாக் உள்ளே முட்டுவதற்குமுன் இந்த நைலான் பட்டை இறுகிப் பிடிக்க வேண்டும். பட்டை நாளடைவில் நீளும். அதைக் கவனிக்காமல் விட்டால் ஒவ்வொரு குதிப்பிலும் ஷாக்கின் கம்பி நுனியே ஆக்சிலின் எடையைத் தாங்கும். கடைசியில் கண்ணி பிய்ந்துகொள்ளும்.

இவ்வளவும் ஆன பிறகுதான் குழாய்த் திருகு. ஒரே வூப்ஸ் வரிசையை ஒரே வேகத்தில் ஓட்டி, ஒவ்வொரு தடவையும் ஒரு குழாயை மட்டும் அரைத் திருகோ ஒரு திருகோ மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. முதலில் அமுக்கும் பக்கம், பிறகு திரும்பும் பக்கம்.

அறிகுறிகளைப் படிப்பதில்தான் அனுபவசாலிகள்கூடத் தடுமாறுகிறார்கள். முதல் நாலைந்து முகடுகள் சுகமாகப் போய், அதற்குப் பிறகு வண்டி தாழ்ந்துகொண்டே வந்து முரட்டுத்தனமாக அடித்தால், திரும்பும் பக்கம் இறுக்கம் அதிகம். ஒரு அடிக்குப் பின் சக்கரம் முழுதும் கீழே வருவதற்குள் அடுத்த அடி விழுகிறது; மிச்சமிருக்கும் பயணத் தூரம் படிப்படியாகத் தின்னப்படுகிறது. இதை 'ஸ்பிரிங் மெலிசு' என்று தப்பாகப் படித்துக் கனமான ஸ்பிரிங் போட்டால் நோய் மறையும், வண்டி கெடும். பின்பக்கம் எகிறுவதற்கு இரண்டு காரணம் உண்டு. திரும்பும் பக்கம் தளர்ச்சியாக இருந்தால் ஸ்பிரிங் சேமித்ததையெல்லாம் ஒரேயடியாகத் திருப்பிக் கொடுக்கும். அமுக்கும் பக்கம் போதாமல் ஆக்சில் பம்ப் ஸ்டாப்பில் (பயணத்தின் முடிவில் உள்ள தடுப்பு) போய் முட்டினாலும் அதே மாதிரிதான் எகிறும். இரண்டுக்கும் மருந்து வேறு. பம்ப் ஸ்டாப் படும் தகட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவி ஓட்டிப் பாருங்கள். கிரீஸ் நசுங்கியிருந்தால் இரண்டாவது காரணம், தொடாமல் இருந்தால் முதலாவது.

இன்னொன்று: குளிர்ந்த ஷாக்கில் எடுத்த முடிவு எதுவும் செல்லாது. வூப்ஸில் கால் மணி ஓடினாலே எண்ணெய் சூடேறி இளகிவிடும்; காலையில் கச்சிதமாக இருந்த திருகு மதியம் தளர்ந்ததுபோல் இருக்கும். சூடேறியபின் சரியாக இருக்கும்படி வைத்துவிட்டு, முதல் 20 கி.மீ. கொஞ்சம் முரடாக இருப்பதைப் பொறுத்துக்கொள்வதே வழக்கம்.

சூட்டுக் கதைக்கு வந்துவிட்டோம். ஏறக்குறைய 3 டன் எடையை ஒவ்வொரு குதிப்பிலும் தடுத்து நிறுத்தும் சக்தி எங்கும் போய்விடவில்லை, ஷாக் எண்ணெயில் சூடாக மாறுகிறது. 4 அங்குலத்துக்கு மேல் விட்டமுள்ள ஷாக்குகள் போடுவதற்கு வலிமை மட்டும் காரணமில்லை; உள்ளே நிறைய எண்ணெய் பிடிக்கும், ஆறுவதற்கு வெளிப்பரப்பும் கிடைக்கும். எல்லை தாண்டிச் சூடானால் சீல் கடினப்பட்டுக் கசியும். எண்ணெய் குறைந்த ஷாக் இன்னும் வேகமாகச் சூடாகும். ஒரு மூலை போனபின் அந்தச் சுமை மற்ற மூன்றுக்கும் போகிறது. ஓட்டுநர் வேகம் குறைக்காவிட்டால் அடுத்த 100 கி.மீ.க்குள் இரண்டாவதும் போகும்.

அடுத்த அடுப்பு கியர் பாக்ஸ். ஆச்சரியமாக இருக்கும்: பல காலமாக இந்த வண்டிகளில் ஓடுவது ஜெனரல் மோட்டார்ஸ் 1964-இல் கொண்டுவந்த டர்போ 400 என்ற மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கின் பலப்படுத்திய வடிவம். பழைய சரக்கு என்று சிரிக்க வேண்டாம். காற்றில் பறக்கும்போது பின்சக்கரம் சுமையின்றி வெறித்துச் சுழலும்; தரையைத் தொட்ட கணத்தில் நிலத்தின் வேகத்துக்கு இழுத்து நிறுத்தப்படும். அந்த அடி முழுக்க ஆக்சில் ஷாஃப்ட், கிரௌன் பினியன், புரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாக கியர் பாக்ஸுக்கு வருகிறது. என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவிலுள்ள டார்க் கன்வெர்ட்டர் எண்ணெய் மெத்தையாக இருந்து அதில் ஒரு பங்கை விழுங்குகிறது. அதற்குக் கொடுக்கும் விலைதான் சூடு. மூன்று கியர் போதுமா என்றால், என்ஜினின் முறுக்குவிசை அவ்வளவு அகலமாகப் பரந்திருப்பதால் போதும். புதிய வண்டிகளில், குறிப்பாக நான்கு சக்கர இழுவை வண்டிகளில், ஆறு கியர் சீக்வென்ஷியல் (கியரை ஒன்றன்பின் ஒன்றாக மட்டும் மாற்றும்) பெட்டிகள் வந்துவிட்டன.

கன்வெர்ட்டரைக் கொல்வது வேகமில்லை, புழுதி மண். பாஹாவில் பல இடங்களில் 'சில்ட்' என்னும், டால்கம் பவுடர் மாதிரி நைசான மண் முழங்கால் ஆழத்துக்குக் கிடக்கும். வண்டி அதில் 30 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டர் முழுக்க அமுக்கி உழுதுகொண்டு போகும்போது என்ஜின் கத்தும், சக்கரம் அதற்கேற்ப சுற்றாது. அந்த வித்தியாசம் முழுவதும் கன்வெர்ட்டரில் சூடாகிறது. அந்த வேகத்தில் கூலருக்கு எதிர்காற்றும் கிடையாது, மின்விசிறியை மட்டுமே நம்ப வேண்டும். நல்ல துணை ஓட்டுநர் இந்த இடங்களில் பாதையைவிட கியர் எண்ணெய் சூட்டுமானியைத்தான் அதிகம் பார்ப்பார். ஏறினால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: மண்ணைத் தாண்டியதும் கெட்டித் தரையில் ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி சில கிலோமீட்டர் சும்மா உருட்டுவது. இரண்டு நிமிடம் போகும், கியர் பாக்ஸ் பிழைக்கும்.

ரேடியேட்டரும் கூலர்களும் முன்னால் இல்லாமல் கேபினுக்குப் பின்னால், டேங்குக்கு மேல் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். முன்னால் இருந்தால் முதல் மோதலில், முதல் சேற்றில் போய்விடும். பின்னால் வைத்தால் எடையும் பின்சக்கரத்தின்மேல் விழுகிறது. இதனால் விசிறி மோட்டார்கள் உயிர்நாடியாகிவிட்டன. அவற்றோடு பெட்ரோல் பம்ப், எல்இடி விளக்கு வரிசைகள், ரேடியோ, ஜிபிஎஸ், ஓட்டுநர்களின் ஹெல்மெட்டுக்குள் வடிகட்டிய காற்றை ஊதும் பம்ப், எல்லாம் ஒரே ஆல்டர்னேட்டரை நம்பியிருக்கின்றன. அதன் பெல்ட்டில் ஒரு சிறு கல் சிக்கினால் பகலில் அரை மணியும் இரவில் பத்து நிமிடமும் ஓடலாம். ஸ்டியரிங் பம்ப் பெல்ட் போனால் அதற்கும் வழியில்லை; 40 அங்குல டயரைக் கையால் திருப்ப முடியாது. உதிரி பெல்ட் வண்டியிலேயே இருக்கும். கெட்டிக்கார அணிகள் அதை டேப் போட்டு, மாட்ட வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே கட்டி வைத்திருப்பார்கள்.

குதிரைத்திறன் விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். பெரும்பாலும் டர்போ இல்லாத, 7 லிட்டரை ஒட்டிய அல்லது அதற்கும் மேற்பட்ட வி8. 800 முதல் 1000-க்கு மேல் வரை குதிரைத்திறன். லகுனா சலாடா போன்ற வறண்ட ஏரிப்படுகையில் 200 கி.மீ.யைத் தாண்டுவதற்கு அது உதவும். ஆனால் பந்தய நேரத்தின் பெரும்பகுதி வளைவும் வூப்ஸும் பாறையுமாகக் கழிகிறது. அங்கே முழு சக்தியையும் தரையில் இறக்க முடியாது. 50 குதிரைத்திறன் குறைந்த என்ஜின் கடைசிவரை ஓடினால் அதுவே நல்ல என்ஜின். என்னைக் கேட்டால், என்ஜினைவிட அதன் காற்று வடிகட்டிப் பெட்டியின் சீலைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். ஒரு மயிரிழை இடைவெளியில் சில்ட் உள்ளே போனால் பிஸ்டன் ரிங் உப்புத்தாளில் தேய்த்ததுபோல் ஆகிவிடும்.

பாதியில் நிற்பதற்கு எல்லோரும் எதிர்பார்க்கும் காரணம் டயர். ஒருகாலத்தில் 37 அங்குல டயர். இப்போது 39, 40 அங்குலம். ரிம் 17 அங்குலம்தான். ஆகவே ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் கிட்டத்தட்ட 29 செ.மீ. ரப்பர் நிற்கிறது, அதுவும் ஒரு சஸ்பென்ஷன்தான். பீட்லாக் ரிம்மில் வெளிவளையத்தைச் சுற்றி நிறைய போல்ட் போட்டு டயர் விளிம்பை நசுக்கிப் பிடித்திருப்பார்கள். அவற்றை எதிரெதிராக, பல சுற்றில் இறுக்க வேண்டும். ஒரே பக்கமாக இறுக்கிக்கொண்டு போனால் வளையம் வளைந்து காற்று மெதுவாகக் கசியும். காற்றழுத்தம் பெரும்பாலும் 30 பிஎஸ்ஐயை ஒட்டி இருக்கும். பாறைப் பகுதி அதிகமான பாதைக்குக் கொஞ்சம் கூட்டுவார்கள், இல்லாவிட்டால் கூர்மையான கல் டயரை ரிம்மோடு சேர்த்துக் கிள்ளிவிடும். கூட்டினால் வூப்ஸில் பிடிப்பு குறையும். 'சம்மிட்' என்னும் பாறைச் சரிவு பாதையில் இருக்கிறதா இல்லையா என்பதைப் பார்த்தே பல அணிகள் அழுத்தத்தை முடிவு செய்யும்.

பின்னால் இரண்டு ஸ்டெப்னி. சேஸிஸின் அடியிலேயே ஹைட்ராலிக் ஜாக்கி இருக்கும், பட்டனை அழுத்தினால் வண்டி எழும். பழகிய இருவர் ஒன்றிரண்டு நிமிடத்தில் சக்கரம் மாற்றிவிடுவார்கள். இங்கே நடக்கும் அபத்தமான தவறு என்னவென்றால் சில்ட்டிலோ சரிவிலோ நிறுத்தி மாற்ற முயல்வது. ஜாக்கி மண்ணுக்குள் இறங்கும், பின்னால் வரும் வண்டிக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். காற்று போன டயரோடேயே மெதுவாக ஊர்ந்து, கெட்டியான, பார்வைக்குத் தெரியும் இடம்வரை போவதே சரி. இரண்டு ஸ்டெப்னியும் தீர்ந்தபின் அடுத்த பிட் (அணியினர் எரிபொருளும் டயரும் தரும் நிறுத்தம்) வரைக்கும் வேகத்தை அடக்கி ஓட்டுவது ஒழுக்கம். அதைச் செய்யாமல் மூன்றாவது பஞ்சரில் நின்றவர்கள் நிறைய.

எரிபொருள்: மைலேஜ் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் அளவில். 300 லிட்டர் டேங்க் என்றால் எடை மட்டும் 220 கிலோவுக்கு மேல். டேங்க் காலியாகும்போது பின்பக்க உயரமும் குணமும் மாறும். மேலே 'பாதி டேங்கில் உயரம் பாருங்கள்' என்றது அதற்காகத்தான். டேங்க் தாங்கும் தூரம்வரை ஓட்டிப் பார்க்காமல் பிட்டுகளைச் சற்று நெருக்கமாகவே வைத்துக்கொள்வார்கள், ஏனென்றால் சில்ட்டில் மாட்டி அரை மணி உறுமினால் கணக்கெல்லாம் மாறிவிடும்.

பாதை தெரியாமல் நின்றவர்களும் உண்டு. பந்தயத்துக்கு முன்னதாகப் பாதை திறந்துவிடப்படும். சிறிய வண்டியில் ஓட்டிப் பார்த்து, ஜிபிஎஸ்ஸில் அபாயங்களை ஒவ்வொன்றாகக் குறித்து வைப்பார்கள். ஆனால் முன்னோட்டத்தில் பார்த்த பாதை பந்தய நாளில் அப்படியே இருக்காது. குதிப்பைப் பார்க்க ஆசைப்படும் உள்ளூர்ப் பார்வையாளர்கள் சிலர் இரவோடு இரவாகப் பள்ளம் தோண்டுவார்கள், மண்மேடு எழுப்புவார்கள். காட்டுப் பகுதியில் கூட்டம் திடீரென்று ஓரிடத்தில் குவிந்திருந்தால் பிரேக்கில் கால் வைக்க வேண்டும் என்பது எழுதாத விதி. வசதியுள்ள அணிகளுக்கு மேலே ஹெலிகாப்டர் பறந்து மாடு, லாரி, குழி எல்லாவற்றையும் ரேடியோவில் சொல்லும். பசிபிக் கரையோரம் இரவில் மூடுபனி இறங்கினால் ஹெலிகாப்டரும் கிடையாது, வெள்ளை விளக்கும் எதிரே சுவராக நிற்கும். மஞ்சள் விளக்குகளைத் தனி சுவிட்சில் வைத்திருப்பது அதற்காக.

முந்துவது இன்னொரு வித்தை. முன்வண்டியின் புழுதிக்குள் நுழைந்தால் பாதை தெரியாது, வடிகட்டியும் அடைக்கும். பக்கக்காற்று புழுதியைத் தள்ளும் திசை மாறும் வளைவுவரை காத்திருந்து, வண்டிகளில் பொருத்தியிருக்கும் ஸ்டெல்லா என்னும் ஜிபிஎஸ் கருவியில் முன்வண்டிக்கு 'வழி விடு' எச்சரிக்கை அனுப்பி, விட்டதும் ஒரே மூச்சில் தாண்ட வேண்டும். 20 கி.மீ. புழுதியில் ஒட்டிக்கொண்டு ஓட்டுவதைவிட ஒரு நிமிடம் பின்தங்கிச் சுத்தமான காற்றில் ஓட்டுவது மலிவு.

இத்தனைக்கும் மேலாக வண்டிகளை நிறுத்துவது தளர்ந்த போல்ட். அதிர்வு 15, 20 மணி நேரம் தொடர்ந்தால் எந்த நட்டும் நகரும். டார்க் ரென்ச்சில் இறுக்கியதும் நட்டின் மேலிருந்து கீழே உள்ள உலோகம்வரை ஒரு பெயின்ட் கோடு போட்டுவிடுவார்கள். பிட்டில் பெட்ரோல் ஊற்றும் அந்த ஒரு நிமிடத்தில் ஒருவர் கீழே படுத்து டார்ச் அடித்து அந்தக் கோடுகளை மட்டும் பார்ப்பார். கோடு உடைந்திருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். அதைப் பிடித்து இறுக்கினால் போதும், மற்றதைத் தொட வேண்டாம். பந்தயம் முடிந்ததும் வண்டியை முழுதும் பிரித்து, லிங்க், ஸ்பிண்டில், ஹவுசிங் (ஆக்சிலின் வெளிக்கூடு) எல்லாவற்றிலும் விரிசல் சோதனை. சஸ்பென்ஷன் கைகளின் நுனியிலுள்ள உருண்டை பேரிங்குகளை, ஆட்டம் இருக்கிறதோ இல்லையோ, மாற்றிவிடுவது நல்ல அணிகளின் பழக்கம்.

கடைசிக் கேள்வி, நான்கு சக்கர இழுவை. 2010-களின் கடைசி வரை டிராஃபி டிரக் என்றாலே பெரும்பாலும் பின்சக்கர இழுவைதான். முன்சக்கரத்துக்கு இழுவை கொடுத்தால் டிரைவ் ஷாஃப்ட்டின் சிவி ஜாயின்ட் (சுழன்றுகொண்டே வளையும் இணைப்பு) ஒரு கோணத்துக்கு மேல் வளையாது. அது முன்சக்கரப் பயணத் தூரத்தைக் கட்டுப்படுத்தியது, எடையும் கூடியது. ஜாயின்ட்டுகளும் முன் டிஃபரன்ஷியலும் முன்னேறியபின் மேசன் மோட்டார்ஸ்போர்ட்ஸ் போன்றவர்கள் கட்டிய வண்டிகள் முன்வரிசைக்கு வந்தன. பின்சக்கர வண்டிகளில் கைசர் பிரதர்ஸ் போன்றவர்களின் பெயர் பெரிது.

வளைவிலிருந்து வெளியேறும்போதும், சில்ட்டிலும், ஈரமணல் ஓடையிலும் நான்கு சக்கரம் தெளிவாக முந்தும். முன்சக்கரமும் இழுப்பதால் கன்வெர்ட்டர் சறுக்கல் குறைந்து சில்ட்டில் சூடும் குறைகிறது. வேகமான வூப்ஸில் பின்சக்கர வண்டி இன்னமும் சளைத்ததில்லை; முன்பக்கம் லேசாக இருப்பதால் மூக்கு எளிதில் எழும். பராமரிப்பு நேரம், உதிரிச் செலவு இரண்டிலும் பின்சக்கர வண்டி மலிவு. பெரிய அணியும் இரண்டு முழுநேர மெக்கானிக்குகளும் இல்லாதவருக்கு நல்ல பழைய பின்சக்கர வண்டியே பொருத்தம். வாங்கும்போது குதிரைத்திறன் சீட்டைக் கேட்காமல் ஷாக் கடைசியாக எப்போது பிரித்துக் கட்டப்பட்டது, ஹவுசிங்கில் எத்தனை பந்தயம் ஓடியிருக்கிறது, கியர் பாக்ஸ் எத்தனை மணி ஓடியது என்ற கணக்குப் புத்தகத்தைக் கேளுங்கள். புத்தகம் இல்லை என்று சொல்பவரிடம் விலையை அதற்கேற்பப் பேசுங்கள், எல்லாவற்றையும் பிரிக்கும் செலவையும் சேர்த்து.

நேரலையில் பார்ப்பதாக இருந்தால் ஒரு விஷயம். வண்டிகள் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகக் கிளம்புகின்றன. முதலில் கோட்டைத் தாண்டியவர் ஜெயித்தவர் என்று அர்த்தமில்லை, ஓடிய நேரம்தான் கணக்கு. நெடுஞ்சாலைப் பகுதிகளிலும் ஊருக்குள்ளும் வேக வரம்பு உண்டு, ஜிபிஎஸ் அதைப் பதிவு செய்கிறது. கண்ணுக்குத் தெரியாத சோதனைப் புள்ளிகள் வழியெல்லாம் இருக்கும். ஒன்றைத் தவறவிட்டாலும் தண்டனை நேரம் சேரும். அந்தப் பதிவுகளைச் சரிபார்த்து முடிப்பதற்குள் மேடையில் ஷாம்பெயின் தெளித்தவர் இரண்டாமிடத்துக்கு இறங்கலாம் என்பதால், அதிகாரபூர்வ முடிவு வரும்வரை திரையில் தெரியும் வரிசையை உத்தேசமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.